மழை விட்ட மறுநாள் காலை

குன்னூரில் லேத் பட்டறை நடத்துகிறவனுக்கு மழை பெரிய பயம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் கொட்டும்போது பட்டறைக்குள் காற்றும் இரும்பும் ஒரே குளிரில்தான் இருக்கும். மழை விட்டு, வானம் வெளுத்து, பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும் பாருங்கள், அன்றைக்குத்தான் ஷட்டரைத் தூக்க யோசிப்போம்.

லேத் பெட் கனத்த வார்ப்பிரும்பு. ராத்திரியெல்லாம் வாங்கிய குளிரை லேசில் விடாது. வெயில் ஏறியதும் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு ஈரக்காற்று மேலே வரும். காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 16 டிகிரிக்குக் கீழே உள்ள எதன்மேலும் நீர் படியும். பெட் அப்போது 12 டிகிரியில் கிடக்கும். விரல் வைத்தால் வழுக்கும், நேற்று விட்ட எண்ணெய் என்றே தோன்றும். விரல்களைத் தேய்த்துப் பார்த்தால் தண்ணீர். மத்தியானத்துக்குள் அது காய்ந்துவிடும். சாயங்காலம் வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி செம்மண் நிறத்தில் வரும்.

சொட்டாகத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கும், புகை கலந்த காற்று என்றால் இன்னும் மோசம் என்று 1930களிலேயே இங்கிலாந்தில் வெர்னன் என்ற விஞ்ஞானி சோதித்துக் காட்டிவிட்டார். எங்கள் ஊரில் வருஷத்தில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்கு மேலேதான் வாசம். அதனால் 'எந்த எண்ணெய் நல்லது அண்ணே?' என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் எண்ணெய்ப் பேச்சே எடுப்பதில்லை. இரும்பு காற்றைவிடக் குளிர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய் அதற்கு அப்புறம்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. பெட்டுக்கு அடியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்று, மேலே பழைய கம்பளி, ராத்திரி முழுக்க. இரும்பை ஒட்டிய காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஈரப்பதம் ஏறக்குறைய 5 புள்ளி இறங்கும். இரண்டு மூன்று டிகிரி கிடைத்தாலே லாபம்தான். இப்போது குண்டு பல்பு தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கரண்டை மிச்சம் பிடிக்கும் எல்இடி வெளிச்சம் தரும், இந்த வேலைக்குப் போதாது.

குளிருக்கு கேஸ் அடுப்பு வைக்கிறவர்கள் உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகி அந்த அறைக்குள்ளேயே சேரும். ஆள் சூடாகிவிடுவார், மூலையில் கிடக்கும் இரும்பு நனையும். கரியில் அந்த ஈரம் இல்லை. ஆனால் மூடிய ஷெட்டில் கரி மூட்டிவிட்டுப் படுத்தால் துருவைப் பற்றிக் கவலைப்பட மறுநாள் ஆள் இருக்காது. பிளாஸ்டிக் தார்ப்பாயும் வேண்டாம். தரை வரை இழுத்து மூடினால் சிமெண்ட் தரையின் ஈரமெல்லாம் உள்ளேயே நின்றுகொள்ளும். தகரக் கூரை என்றால் அடியில் தெர்மோகோல் கொடுத்தாக வேண்டும். தெளிந்த இரவில் தகரம் சில்லிட்டு, அடிப்பக்கம் வியர்த்து, நேராக சக்கின் மேல்தான் சொட்டும்.

எங்களுக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. தேயிலை ஃபேக்டரிகளிலிருந்து, இலையை நசுக்கிக் கிழிக்கும் சிடிசி ரோலர்கள் பல் தீட்ட வரும். பல் ஸ்டெயின்லெஸ் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. இடுக்கில் ஒட்டியிருக்கும் இலைச்சாறு பெட்டில் சொட்டினால்தான் வினை. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நீலம் பாய்ந்த கறுப்பாகிவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம். இந்த மை எந்த எண்ணெய்த் துணிக்கும் அசையாது. அதனால் ரோலரை வாசலிலேயே கழுவி, காற்றடித்து, காய்ந்த பிறகுதான் ஏற்றுவோம். ரோலரோடு வரும் தேயிலைத் தூசியும் லேசுப்பட்டதல்ல. பெட்டின் மூலையில் படிந்தால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதைப் பிரஷ்ஷால் தள்ளாமல் மேலேயே எண்ணெய் விடுவது வீண்.

இனி எண்ணெய். ஸ்ப்ரே டப்பாக்கள் தண்ணீரை விரட்டத்தான், வாரக்கணக்கில் காவல் நிற்க அல்ல. பெட்டுக்கு 68 கிரேடு ஸ்லைடுவே ஆயிலை பனியன் வேஸ்ட்டில் நனைத்து, கேரேஜை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை ஓட்டிவிட்டுப் பூட்டினால் போதும். பழைய லேத்தில் ஹெட்ஸ்டாக் பக்கம் பளபளவென்றும் டெயில் ஸ்டாக் பக்கம் புள்ளிபுள்ளியாகவும் இருப்பதற்குக் காரணம், அந்தக் கோடிக்கு கேரேஜும் போவதில்லை, மோட்டார் சூடும் எட்டுவதில்லை. கூலண்டில் தண்ணீரைக் கூட்டி ஆயிலை மிச்சம் பிடித்தாலும் கடைசியில் துருதான் மிஞ்சும்.

மைக்ரோமீட்டர், வெர்னியர் எல்லாம் இரும்பு அலமாரியில், சிலிக்கா ஜெல்லோடு. நீல மணிகள் ரோஸ் நிறமானால் 120 டிகிரி சூட்டில் வறுத்துத் திரும்ப வைக்கலாம். அதில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் வாணலி வேண்டாம்.

சிலருக்குக் கை வியர்வையில் உப்பு அதிகம். எங்கள் பட்டறையில் ஒரு தம்பி அப்படி. அவன் எண்ணெய் இல்லாமல் தொட்ட ஸ்பேனரில் மறுநாள் ரேகை சிவப்பாக விழுந்திருக்கும், யார் எடுத்தது என்று கேட்கவே வேண்டாம். வேலை தெரிந்தவன். அளவு பார்க்கும் சாமான்களை மட்டும் துணி சுற்றிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். 'உங்க கையும் ஒண்ணும் குறைச்சலில்லை அண்ணே' என்று அலமாரிக் கைப்பிடியைக் காட்டுகிறான்.