கார்த்திகை மாதக் கணக்கு

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில், ஏரிக்குக் கீழே இருக்கிற சின்ன ஊர் அது. அங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் உரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. மற்ற வீடுகளில் மாதம் முடிந்தால் தாளைக் கிழித்து அலமாரியில் விரித்துவிடுவார்கள். இந்த வீட்டில் கிழிப்பதில்லை, பின்பக்கமாக மடித்துவிடுகிறார்கள். தேதிக் கட்டங்களுக்குள் வீட்டம்மா எழுதி வைத்திருக்கும் கிறுக்கல்தான் காரணம். 'கா 7, மா 6' என்றால் காலைப் பால் 7 லிட்டர், மாலைப் பால் 6 லிட்டர். 'த 1' என்றால் தவிடு ஒரு மூட்டை. நடவுக்கு எத்தனை ஆள், மொய் எவ்வளவு, எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். எட்டாவது வரை படித்தவர். வயது 52. "எழுதலைன்னா சங்கத்துல சொல்றதுதான் கணக்கு" என்பார்.

குரோதி வருஷத்துக் கார்த்திகை 2024 நவம்பர் 16-ம் தேதி பிறந்து டிசம்பர் 15-ம் தேதி முடிந்தது. மொத்தம் 30 நாள். ஃபெஞ்சல் புயல் சரியாக நடுவில், கார்த்திகை 15 அன்று கரையேறியது. அதனால் அந்த மாதத்துக் கிறுக்கலில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. முதல் பாதியைப் படித்தால் எந்த விவசாய வீட்டிலும் நடப்பதுதான்.

குடும்பத்துக்குச் சொந்தமாக 60 சென்ட் கழனி, ஒரு ஏக்கர் கொல்லை. இதுபோக, சென்னையில் வேலை பார்க்கும் பங்காளி ஒருவரின் ஒரு காணியை, அதாவது 1.32 ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள். கறவை மாடு இரண்டு, ஆடு ஐந்து. காணியில் ஐப்பசியில், அக்டோபர் 21 அன்று சம்பா நட்டார்கள். சொந்தக் கழனியிலும் அதே வாரம் நடவு. கொல்லையை மல்லாட்டைக்காக உழுது போட்டிருந்தார்கள். மழை ஓய்ந்ததும் ஈரத்தைப் பிடித்து விதைக்கவேண்டும் என்று 75 கிலோ விதைக்காயை இரண்டு மூட்டையாகக் கட்டிப் பரணில் வைத்திருந்தார் வீட்டுக்காரர். டி.எம்.வி. 14 ரகம். டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். அங்கே இருக்கிற எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு அந்த எழுத்துகள். மல்லாட்டையும் எள்ளும் பயிர் செய்கிற எத்தனையோ ஊர்க்காரர்கள் திண்டிவனத்தைப் பார்க்காமலே அதன் பெயரைச் சொல்லி விதை கேட்கிறார்கள்.

நவம்பர் 16 முதல் 29 வரை 14 கட்டங்களிலும் 13 லிட்டர் குறையாமல் பால். 100 நாள் வேலைக்கு 6 நாள் போனதாக ஒரு குறிப்பு. நாளுக்கு 319 ரூபாய் கூலி, வரவு வைக்கவேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு 500 ரூபாய் மொய். நெல்லுக்குக் களை எடுத்த கூலி. மாமியாருக்கு மூட்டுவலி மாத்திரை. அவ்வளவுதான்.

நவம்பர் 30, சனிக்கிழமை. காலைப் பால் 7 என்று இருக்கிறது, மாலைக்கு ஒன்றுமில்லை. மத்தியானமே காற்று ஏறிவிட்டதால் பால் வண்டி வரவில்லை. 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயலில் வாசல் வேப்பமரம் சாய்ந்ததை மாமியார் மறக்கவில்லை. மாடுகளைக் கொட்டாயில் கட்டவேண்டாம், அவிழ்த்துத் திண்ணைப் பக்கம் ஓட்டி வாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். அது நல்லதாகப் போயிற்று, கொட்டாயின் ஒரு பக்கத்துக் கூரை ராத்திரியே பிய்த்துக்கொண்டது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இரவு பத்தரை மணிக்கு மேல் புயல் கரையேறியது. கரையேறினால் நகர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது நகராமல் அங்கேயே நின்று, மணிக்கணக்கில் மழையாகக் கொட்டியது. ஓடு ஒழுகத் தொடங்கியதும் பரணில் இருந்த விதைமூட்டை இரண்டும் கட்டிலுக்கு இறங்கின. மேலே தார்ப்பாயைப் போர்த்திவிட்டு மனிதர்கள் மூவரும் சுவரோரம் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையில் ஏறக்குறைய பாதி அது.

விடிந்தபோது ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. கரையை ஒட்டியிருந்த குத்தகைக் காணிக்குள் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்து மணலைக் கொட்டியிருந்தது. நட்டு 40 நாள் ஆன பயிர், கட்டிப் பிடித்துத் தூர் வெடித்திருந்த நேரம். வரப்பு எது, வயல் எது என்று தெரியவில்லை. சொந்தக் கழனியில் மணல் இல்லை, ஆனால் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள். டிசம்பர் தாளில் முதல் இரண்டு கட்டங்களும் வெறுமை. பால் கறக்காமல் விடமுடியுமா? கறந்ததைக் காய்ச்சிக் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குக் கொடுத்தார், மீதியை உறை ஊற்றினார். அதைக் கணக்கில் எழுதவில்லை.

இதற்குமேல் நடந்ததைப் பயிர்ச் சேதத்தோடு ஒன்றாக வைத்துப் பேசமுடியாது. இவர்களுடைய பெண்ணைக் கொடுத்திருப்பது தென்பெண்ணைக் கரையில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம். சாத்தனூர் அணைக்கு வந்த வெள்ளம் தாங்காமல் டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் ஆற்றில் விடப்பட்டது. காலை 7 மணிக்கு மகளிடமிருந்து போன் வந்தது.

"யம்மா, தண்ணி தெருவுக்குள்ள வந்துடுச்சி. புள்ளையத் தூக்கிக்கினு பள்ளிக்கூடத்துக்குப் போறோம். போன்ல சார்ஜ் இல்ல, வெச்சிடறேன்."

பிறகு போன் எடுக்கவில்லை. அப்பா டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் ரயில்கள் நின்றிருந்தன. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் தண்ணீர். அது அங்கே புதிதில்லை, ஆனால் அன்றைக்குத் தண்ணீரைத் தாண்டி எந்தப் பஸ் எங்கே போகும் என்று சொல்ல ஆள் இல்லை. அரசூருக்கு முன்னால் தேசிய நெடுஞ்சாலையே ஆறாகிவிட்டது. லாரிகளின் வரிசையில் ராத்திரி முழுக்க நின்று பார்த்துவிட்டு, மறுநாள் ஈரத் துணியோடு திரும்பி வந்தார். வீட்டம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

டிசம்பர் 3-ம் தேதிக் கட்டத்தில் 'கா 5' என்று எழுதி, பக்கத்தில் 'மக போன் வந்தது' என்று இருக்கிறது. சாயந்திரம் யாரோ ஒருவர் போனிலிருந்து பேசியிருந்தாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆடு இரண்டும் போய்விட்டன, கோழி ஒன்றும் மிஞ்சவில்லை, வீட்டுக்குள் முட்டி உயரம் சேறு. 6-ம் தேதி பேரனைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து கட்டங்களில் புதிதாக ஒரு எழுத்து வருகிறது: 'வீ 1'. வீட்டுக்கு ஒரு லிட்டர், பேரனுக்கு.

பிறகு நிவாரணக் கணக்கு. டிசம்பர் 3 அன்று அரசு அறிவித்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு 2,000 ரூபாய். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிப் பயிருக்கு 8,500. மாடு செத்திருந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. குடிசை சேதத்துக்கு 10,000.

ஹெக்டேர் என்று சொன்னால் பெரிய தொகையாகத் தெரிகிறது. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஏக்கருக்கு 6,900 ரூபாய்கூட வராது. குத்தகைக் காணிக்கு 9,000 ரூபாய் சொச்சம். காணிக்கு எவ்வளவு செலவானது என்பது காலண்டரில் இருந்தது: சேடை ஓட்ட 4,200, விதைக்கு 1,400, நடவுக்கு 6,600, உரத்துக்கு 3,900, களைக்கு 2,500. கூட்டினால் 18,600. இதில் வீட்டார் இருவர் இறங்கி உழைத்த நாட்கள் சேரவில்லை.

அந்த 9,000-மும் யாருக்கு என்பதில்தான் சிக்கல். பட்டா பங்காளி பெயரில். அடங்கலிலும் அவர் பெயர்தான். குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சொந்தத்துக்குள் நடக்கிற குத்தகையை யார் பதிவு செய்கிறார்கள்? பதிவு பண்ணலாம் என்று வாயெடுத்தாலே நிலத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்றாகிவிடும். போதாக்குறைக்கு, கணக்கெடுக்க வந்தவர்கள் ரோட்டோரம் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏரிக்கரை வரைக்கும் நடக்க அன்று வழியும் இல்லை. முதல் பட்டியலில் காணி இல்லை. பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துப்போய் மணல் மூடிய வயலைப் போனில் படம் எடுத்து, மனு எழுதி இரண்டு தடவை அலைந்த பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

8-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பங்காளி நிலத்தைப் பார்க்க வந்தார். உறவில் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. வயலைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் பேச்சே எடுக்கவில்லை. குத்தகை நெல்லைப் பற்றி யார் முதலில் பேசுவது என்ற தயக்கம் இரண்டு பக்கமும் இருந்தது. வீட்டம்மா காபி வைத்துவிட்டு, ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அக்டோபர் தாளைப் பிரித்து அவர் மடியில் வைத்தார்.

"நான் வாயால சொன்னா கூட்டிச் சொல்றேன்னு ஆயிடும். நீங்களே பாத்துக்குங்க தம்பி."

அவர் அக்டோபரைப் பார்த்தார், நவம்பரைப் பார்த்தார். நடவு நட்ட பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு இடத்தில் விரலை வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணி, நிவாரணம் என் கணக்குல ஏறுச்சின்னா அன்னைக்கே உங்களுக்குப் போட்டுடறேன். குத்தகையப் பாதியா வெச்சிக்கலாம். அது மட்டும் அடுத்த போகத்துல அளந்துடுங்க."

முழுதாக விட்டிருக்கலாம் என்று வீட்டுக்காரருக்கு வருத்தம்தான். வீட்டம்மா அப்படி நினைக்கவில்லை. அந்த ஒரு காணி கையில் இருந்தால்தான் அடுத்த வருஷம் வீட்டுக்கு நெல் வரும். மணலை வாரப் பொக்லைன் வைத்தால் செலவு யாருடையது என்பதையும் அன்றே பேசி முடித்தார்கள், ஆளுக்குப் பாதி.

சொந்தக் கழனி பிழைத்தது. 4-ம் தேதி தண்ணீர் வடிந்தது. அழுகியதுபோல மஞ்சளாகக் கிடந்த பயிரைப் பார்த்து, உழுதுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். குருத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார் மாமியார், கையோடு வரவில்லை. வேர் உயிரோடு இருக்கிறது என்றார். தண்ணீர் தேங்கிய நெல்லுக்கு வேளாண்மைத் துறை சொல்கிற கலவை உண்டு: ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடவேண்டும். தண்ணீரை நன்றாக வடித்த பிறகுதான் இடவேண்டும், நிற்கிற தண்ணீரில் போட்டால் உரம் வீண். 60 சென்ட்டுக்குக் கணக்குப் போட்டு யூரியா 13, ஜிப்சம் 11, புண்ணாக்கு இரண்டரை, பொட்டாஷ் 10 கிலோ வாங்கினார்கள். 6-ம் தேதி ராத்திரி கலந்து வைத்து, 7-ம் தேதி போட்டார்கள். ஐந்தாம் நாள் புது இலை தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பிடித்துவைக்கவிடாமல் 12-ம் தேதி மறுபடியும் கனமழை. இந்தத் தடவை வடிகாலை முன்கூட்டியே வெட்டி வைத்திருந்ததால் பயிர் மூழ்கவில்லை.

13-ம் தேதி தீபம். வீட்டுக்காரர் வருஷந்தவறாமல் திண்டிவனத்தில் பஸ் ஏறிச் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிறவர். அந்த முறை போகவில்லை. டிசம்பர் 1 அன்று மலையில் மண் சரிந்து 7 பேர் இறந்திருந்தார்கள், தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை விடவில்லை. வீட்டிலேயே வாசலில், கிணற்றடியில், குப்பைமேட்டில், கூரை போன கொட்டாயில் என்று அகல் வைத்தார்கள். பேரன் ஒவ்வொன்றாக ஊதி அணைத்தான். திட்டவும் ஆள் இல்லை.

சங்கத்துக்குப் போன பாலை மாதக் கடைசியில் கூட்டினார்: 296 லிட்டர். 13 லிட்டர் வீதம் தடையில்லாமல் போயிருந்தால் 390 ஆகியிருக்கும். வைக்கோல் நனைந்து, மாடுகள் வயிறு நிறையாமல், கறவை இறங்கிவிட்டது. கைக்கு வந்தது சுமார் 10,000 ரூபாய், தீவனத்துக்கும் தவிட்டுக்கும் 5,600 போனது. மீதி 4,400, அட்டைக்கு வந்த 2,000. இந்த 6,400-ல்தான் உரமும் மாத்திரையும் மகள் வீட்டுக்குப் பாயும் பாத்திரமும் வாங்கினார்கள். பயிர்ப் பணம் அந்த மாதத்துக்குள் வரவில்லை.

15-ம் தேதி மருமகன் வந்தார், வீட்டில் சேறு வாரியாகிவிட்டது என்று. மல்லாட்டையை இன்னும் விதைக்கவில்லை. கொல்லையில் கால் வைத்தால் புதைகிறது, மண் வாப்புக்கு வர இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுவரை காயை உடைக்கவேண்டாம், உடைத்த பருப்பு முளைப்பு குறையும் என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். மூட்டைகள் திரும்பவும் பரணுக்கு ஏறின. ஐந்து ஆட்டில் ஒரு பெட்டைக் குட்டியைப் பிடித்து, கழுத்து மட்டும் வெளியே தெரிய சாக்கில் கட்டி, மருமகனின் வண்டியில் முன்பக்கம் வைத்தார் வீட்டம்மா. மகள் பின்னால் பேரனோடு உட்கார்ந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுகிறவரை அது கத்திக்கொண்டே வந்ததாக ராத்திரி போனில் சொன்னாள்.