மாறும் முகங்கள்

தில்லி கன்னாட் பிளேஸில் மொழிபெயர்ப்புக் காகிதங்களோடு நான் போய் உட்காரும் நவீன காபிக் கடையில், 'சர்க்கரை வேண்டாம்' என்பதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது ஆளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளம்தான் காரணம் என்று நினைப்போம். போன மாதம் விலகிய பிகார் இளைஞர் வேறு கணக்குச் சொன்னார்: "நாள் முழுக்க நிற்பது பழகிவிடும், சார். அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது ஞாயிறு இரவுதான் தெரியும். அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கிறேன். பரீட்சைக்கு லீவு இல்லை." கடையடைத்துத் தரை துடைத்து முடிப்பதற்குள் கடைசி மெட்ரோ போய்விடுமாம். சிரித்த முகம் வேறு. அது சம்பளத்தில் சேர்த்தி இல்லை.

சற்றுத் தள்ளி, மோகன் சிங் பிளேஸ் மாடியில் இந்தியன் காபி ஹவுஸ். நாற்காலி ஆடும், காபியும் சுமார்தான். ஆனால் தலைப்பாகைக்காரர்கள் அங்கேயே நரைத்தவர்கள். 1957இல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து நடத்தினார்கள். பங்குதாரர் அவ்வளவு சுலபமாக ராஜினாமா செய்வாரா?

"உங்கள் மகனும் இங்கே வருவாரா?" என்று ஒரு நரைத்த மீசைக்காரரைக் கேட்டேன்.

"கூரியர் கம்பெனியில் இருக்கிறான். தலைப்பாகை கட்டு என்றால் சண்டைக்கு வருகிறான்" என்றபடி பில்லை வைத்தார்.