கிட்டி எங்க வைக்கிறது?

மார்கழி பாதி தாண்டிருச்சு. விடியக்காலம் வரப்புல கால் வச்சா ஐஸ் தண்ணில வச்ச மாதிரி சில்லுங்குது. போர்த்திக்கிட்டு தூங்க வேண்டிய நேரத்துல டார்ச்ச எடுத்துக்கிட்டு வயலுக்கு ஓட வைக்கிறது எலிதான்.

நான் போட்டிருக்கறது சி.ஆர். 1009, நீண்டகாலப் பயிர். இப்ப தொண்டைக்கதிர்ல நிக்குது. இந்தப் பருவத்துல வெட்டுப்பட்ட தூர் மறுபடி தேறி வந்து கதிர் விடும்னு நம்ப முடியாது. வரப்புல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, ஓரத்த விட்டுட்டு நடுவுலதான் வெட்டும். உள்ள இறங்கிப் பாத்தா கத்தியால சாய்ச்சு அறுத்த மாதிரி கிடக்கும். போன வருஷம் மூணு மாவுல ஒரு மா அளவுக்குப் போயிடுச்சு.

அதுக்குக் காரணம் நானேதான். எக்டேருக்கு 100 கிட்டின்னு வேளாண்துறையில சொல்ற கணக்கு. என் ஒரு ஏக்கருக்கு 40 வாங்கியாந்து, கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி வரப்பு நெடுக வரிசையா வச்சேன். மறுநாள் மூணு எலி. அதுக்கு அடுத்த நாள் ஒண்ணுமில்ல.

அப்புறம்தான் எலி பிடிக்கிற பெரியவரைக் கூப்பிட்டேன். வந்த அன்னிக்கு அவர் கையில கிட்டியே இல்ல. சாயங்காலம் வரப்புல இருந்த வளை வாயெல்லாம் மண்ணால மூடிட்டுப் போயிட்டார். விடியறதுக்கு முன்னாடி வந்து பாத்தார். எது திறந்திருக்கோ அதுலதான் எலி குடியிருக்கு, மத்ததெல்லாம் காலி வீடு. அப்புறம் குனிஞ்சு பயிரைப் பாத்தார். பனி கொட்டி வயலே வெள்ளையா இருக்கு, அதுல ஒரு கோடு மட்டும் பச்சையா உள்ள போகுது. எலி போன தடம். பனி உதிர்ந்திருக்கு. வெயில் ஏறிட்டா அந்தக் கோடு அழிஞ்சிடும், நான் அதுவரைக்கும் எட்டு மணிக்கு மேலதான் வயலுக்குப் போயிட்டிருந்தேன்.

"வளை வாயிலயே வச்சிடலாமா?"ன்னு கேட்டேன்.

"வீட்டு வாசல்ல புதுசா ஒண்ணு கிடந்தா நீங்க மிதிப்பீங்களா தம்பி? கடைக்குப் போற வழியில வைக்கணும்"னார்.

ரெண்டு ராத்திரி வில்ல இழுத்து மாட்டாம இரையை மட்டும் வச்சார். மூணாம் ராத்திரி பூட்டினார். வச்சது 15, விழுந்தது 11. ஆனா நான் கூப்பிட்டதே லேட்டு, பயிர் போனது போனதுதான்.

இந்த வருஷம் அவருக்கு முட்டி வலி, வரப்புல நடக்க முடியல. நானே வைக்கிறேன். மூணு நாளைக்கு முன்னாடி பக்கத்து வயல்காரத் தம்பி வந்து, "அண்ணே, வரப்பச் சுத்தி கம்பி கட்டி கரண்ட் விட்டுடுவோம், ஒரே ராத்திரில முடிஞ்சிடும்"னான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. இருட்டுல மடை பாக்க வர்றது யாரு? நான், அவன், அவன் அப்பா. எலிக்கு வச்ச கம்பில மனுஷன் விழுந்த சேதி டெல்டாவுல நாம கேக்காததா?

திட்டிட்டேனே தவிர அவன் பயிரும் வெட்டுப்படுது, பாவம். என்கிட்ட இருக்கற 40ல 20 கிட்டிய அவனுக்குக் கொடுத்தேன். நேத்து விடியக்காலம் கூட்டிட்டுப் போயி பனிக்கோட்டைக் காட்டினேன். முதல்ல அவனுக்குத் தெரியல, வரப்போரம் குத்த வச்சு உக்காந்ததும் தெரிஞ்சுது. அவன் வயல்ல நாலு கோடு, அதுல ரெண்டு என் வரப்பு வளையிலேருந்துதான் போகுது.

இன்னிக்கு ராத்திரி இரை மட்டும். நாளன்னிக்குப் பூட்டறோம்.