குளிர்காலத்தைத் தாண்டும் செடி

குளிர் நாடுகளில் பூந்தோட்டம் வைத்திருப்போருக்கு ஒவ்வோர் ஒக்ரோபர் மாதத்திலும் ஒரு கேள்வி எழும். உறைபனி விழப்போகின்றது, எந்தச் செடியை வெளியே விடுவது, எதை உள்ளே எடுப்பது என்பதே அது. இக்கேள்வியை அதிகம் எழுப்பும் செடிகளில் ஒன்று பியூஷியா. சிவப்பும் ஊதாவுமாக, ஜிமிக்கி போலத் தலைகீழாகத் தொங்கும் பூக்களைக் கொண்டது. எமது நுவரெலியாவிலும் இதனைக் காணலாம். இதன் பூர்வீகம் பெரும்பாலும் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஆகும். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் என்ற ஜேர்மானிய மருத்துவரின் நினைவாக, சார்ள்ஸ் புளுமியே என்ற பிரெஞ்சுத் துறவி இதற்கு இப்பெயரைச் சூட்டி 1703இல் வெளியிட்டார்.

மேற்படிப்புக்காக இலண்டன் சென்ற நான், 2018இன் குளிர்காலத்தைப் பெரியம்மா வீட்டில் கழித்தேன். பெரியம்மா 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தை விட்டவர். வன்னியில் மகனைப் பறிகொடுத்த பின்னர் மகளிடம் போய்ச் சேர்ந்தவர். அவரிடம் பியூஷியாக்கள் இரண்டு வகையாக இருந்தன.

முதலாவது வகை, குளிரைத் தாங்கக்கூடியது. தென் அமெரிக்காவின் தெற்கு முனையிலிருந்து வந்த மகெலானிக்கா என்னும் இனத்தின் வழி வந்தது. அது நிலத்திலேயே நின்றது. நடும்போதே அடித்தண்டு மண்ணுக்குக் கீழே சில அங்குலம் இருக்கும்படி ஆழமாக நட வேண்டும். பின்னர் மரப்பட்டைத் தூளையோ உக்கிய இலையையோ அடியில் தடிப்பாக மூடுபடையாக இட வேண்டும். மேலே உள்ள கொப்புகள் பனியில் கருகிப் போகும். ஆனால் அவற்றை அப்போது வெட்டக்கூடாது. காய்ந்த கொப்புகளே அடித்தண்டுக்குப் போர்வையாகின்றன. வசந்தத்தில் அடியிலிருந்து தளிர் வந்த பிறகே வெட்ட வேண்டும்.

இரண்டாவது வகை, பனியைத் தாங்காதது. அதனை முதல் உறைபனிக்கு முன்பே சாடியோடு உள்ளே எடுக்க வேண்டும். பெரியம்மா ஆறு சாடிகளைக் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்தார். கொப்புகளைப் பாதியாகக் குறைத்து, இலைகளைக் களைந்தார். இலையில்லாமல் உறங்கும் செடிக்கு வெளிச்சம் அவசியமில்லை. உறையாத குளிர்ச்சி இருந்தாற் போதும். 5 பாகை செல்சியஸ் அளவு நல்லது. பசளை வேண்டாம். மண் முற்றாகக் காய்ந்து விடாதபடி இடைக்கிடை சிறிதளவு தண்ணீர் மட்டும். அதிகமானால் வேர் அழுகும். அடியோடு மறந்துவிட்டால் வேர் காய்ந்து சாகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா கராஜைத் திறந்து ஒவ்வொரு சாடியிலும் விரலை வைத்துப் பார்ப்பார். பெப்ரவரியில் நான் பார்த்தபோது ஆறும் விறகுத் தடிகளாகவே தெரிந்தன.

“பெரியம்மா, இதுகள் உயிரோடைதான் இருக்கோ?” என்று கேட்டேன்.

அவர் ஒரு தடியின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. “தோற்றத்தை வைச்சு முடிவு சொல்லக்கூடாது பிள்ளை. நித்திரையிலை இருக்கிறதுக்குச் சாப்பாடு தீத்தவும் கூடாது, தனிய விட்டிட்டுப் போகவும் கூடாது” என்றார்.

இவ்வார்த்தை என்னை என் தொழிலைப் பற்றி யோசிக்க வைத்தது. 2009க்குப் பின்னர் மீள்குடியேறிய கிராமமொன்றில், பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான தையற் பயிற்சி நடந்தது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய திட்டம். கணவனை இழந்த ஒரு சகோதரி வருவார், பேசாமல் இருப்பார், போவார். “ஆர்வமற்றவர்” என்று எழுதப்பட்டு அவருடைய பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இரண்டு வருடங்களின் பின் அவர் தாமாகவே வந்து, “இப்ப எனக்குத் தைக்க ஏலும்” என்றார். அப்போது திட்டமும் இல்லை, மெசினும் இல்லை. முதலில் அவசரப்படுத்தினார்கள், பிறகு மறந்து போனார்கள். பட்டையைச் சுரண்டிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

ஒரு செடி தளிர்ப்பதைக் காட்டி, “எல்லாம் சரியாகிவிடும்” என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வராது. போன உயிர் தளிர்ப்பதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயின் காத்திருப்பை உறக்கம் என்று சொல்லவும் முடியாது. நான் சொல்ல வருவது சிறிய விடயம். ஒருத்தி ஒடுங்கியிருக்கும் காலத்தில் அவளிடம் பூவைக் கேட்கக் கூடாது. ஆனால் அவள் வீட்டுப் படலையைத் திறந்து பார்ப்பதையும் நிறுத்தக் கூடாது.

மார்ச் மாதத்தில் பெரியம்மா சாடிகளை வெளிச்சத்துக்கு எடுத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, புதிய மண் போட்டார். நான்கு சாடிகள் தளிர்த்தன. மற்ற இரண்டுக்கும் மே மாத முடிவு வரை தவணை கொடுத்தார். சுரண்டியபோது உள்ளேயும் மண்ணிறமாகவே இருந்ததால், அவற்றைக் கூட்டெருக் குவியலில் கொட்டினார். தளிர்த்தவற்றைப் பகலில் வெளியிலும் இரவில் உள்ளேயும் வைத்துப் பழக்கி, பனி அபாயம் நீங்கிய பின்னரே வெளியே நிரந்தரமாக வைத்தார்.

மலையகச் சகோதரிகளுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. நுவரெலியாப் பகுதியில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில அதிகாலைகளில் மட்டும் நிலத்தில் உறைபனி படியும். அந்த நாட்களில் சாடிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்தால் அல்லது இரவில் பழைய சாக்கினால் மூடினால் போதும்.

இன்னுமொன்று. கோடை முடியுமுன் பெரியம்மா பூக்காத இளங்கொப்புகளை மூன்று, நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஈரமண்ணில் ஊன்றுவார். சில வாரங்களில் வேர் விடும். அவற்றை அயலிலுள்ள மூன்று வீடுகளுக்குக் கொடுப்பார். “என்ரை செத்தாலும் ஆற்றையேன் வீட்டிலை ஒண்டு நிக்கும், பிறகு நான் போய்க் கேக்கலாம்” என்பார். இலண்டனுக்கு வந்த முதல் இரண்டு வருடங்கள் வீட்டை விட்டு வெளியே வராதிருந்தவர் அவர். அந்த மூன்று வீடுகளுக்கும் இன்று அவர் நடந்து போய் வருகிறார்.