பூரி போன்

எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு அடியில், அப்பாவின் போன் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. முதுகுக் கண்ணாடி ஒரு ஓரமாகப் பிளந்து, உள்ளேயிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு தொப்பை எட்டிப் பார்த்தது.

அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் பூராவும் அம்மா அந்த போனை ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜிலேயே வைத்திருந்தாள். "யாராவது அவரைக் கூப்பிட்டா எடுத்துச் சொல்லணும்ல?" ராத்திரி பகல் நூறு பர்சென்ட். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது என்பது எனக்கு அப்போது தெரியாது. எப்போதும் முழு சார்ஜிலும் சூட்டிலும் கிடந்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகிறது. பேட்டரியின் உறையோ மெல்லிய அலுமினியப் பை. ஊதாமல் என்ன செய்யும்? ஒரு நாள் போன் எழுந்திருக்கவில்லை. பீரோவுக்குப் போய்விட்டது.

போன மாசம் அம்மா கேட்டாள். "அதுல அவர் பேசி வெச்சதெல்லாம் இருக்கும்லடா? ஒரு தடவை போட்டுக் காட்டேன்."

அப்பாவுக்கு டைப் அடிக்க வராது. 'க'வுக்குப் பக்கத்தில் 'ங'வைத் தேடுவதற்குள் மெழுகுவத்தி உருகிவிடும். அதனால் போனில் இருந்த ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டார். ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் ரேடியோவில் செய்தி வாசிக்கிற தோரணையில் பேசி வைப்பார். "இன்று செவ்வாய்க்கிழமை. கேஸ் புக் பண்ண வேண்டும்." டக். அவ்வளவுதான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

காப்பி எடுத்து வைக்கவில்லையா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஆபீஸில் நாலு பேரை உட்கார வைத்து பேக்கப் பற்றி வகுப்பு எடுக்கிறவன் நான்.

இந்த போனை அவர் தலையில் கட்டியதும் நானேதான். அதற்கு முன் நோக்கியா 1100 வைத்திருந்தார். 2003-ல் வந்தது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற மாடல். தூசி புகாத ரப்பர் கீபேட், உச்சந்தலையில் டார்ச். மாடிப்படியில் விழுந்தால் மூடி, பேட்டரி, போன் என்று மூன்றாகப் பிரிந்து ஓடும். அப்பா நிதானமாக மூன்றையும் பொறுக்கி, ஊதி, மாட்டி, "ம், சொல்லு" என்று விட்ட இடத்திலிருந்து பேசுவார். அதன் பி.எல்.5சி பேட்டரி இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. சின்ன எஃப்.எம். பெட்டிகளுக்குப் போடுகிறார்கள்.

2021 தீபாவளிக்கு நான் ஈ.எம்.ஐ.யில் புதுசு வாங்கிக் கொடுத்தேன். நாலு கேமரா. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "டார்ச் இருக்கா? பேட்டரியை எப்படிக் கழட்டறது?"

"கழட்டக் கூடாதுப்பா. இப்ப எல்லாமே இப்படித்தான்."

"கெட்டுப் போனா?"

"போனையே மாத்திடுவோம்."

என்ன ஒரு திமிர்! எட்டாவது டியூ வரும்போது கடன் வாங்கிக் கட்டியவன் பேசுகிற பேச்சா இது?

ஆனால் ஊர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. 2007-ல் வந்த முதல் ஐபோனிலேயே பேட்டரியைக் கழற்ற வழியில்லை. 2014-ல் வந்த சாம்சங் எஸ்5-ன் முதுகை நகத்தால் திறக்கலாம். அது தண்ணீரையும் தாங்கியது. மறு வருஷமே எஸ்6-ல் கண்ணாடியும் கோந்தும்தான். மெமரி கார்டு போடுகிற ஓட்டையும் கிடையாது. 2016-ல் ஐபோன் 7 இயர்போன் ஓட்டையை அடைத்தது. 2020-ல் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜரைக் காணோம். பந்தியில் அப்பளம், பாயசம், வடை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, மொய்க் கவரை மட்டும் பெரிசாக்கிக்கொண்டே போனது போல. மெலிசாக இருக்கும், மின்சாரம் அதிகம் கொள்ளும், தண்ணீர் புகாது என்று கம்பெனிகள் சொல்லும் காரணம் பொய்யில்லை. ஐரோப்பிய யூனியன் 2023-ல் ஒரு சட்டம் போட்டது: 2027 பிப்ரவரியிலிருந்து, வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று. (விலக்குகளும் உண்டு.) அப்பா கேட்டதும் அதையேதான்.

மச்சான், "அரிசியில போட்டு வை" என்றான். நல்ல பொன்னி அரிசியில் இரண்டு நாள் கிடந்தது. அரிசிதான் வீணாயிற்று.

கடைசியில் ரிச்சி தெரு. ஆறடிக்கு நாலடி கடையில் இருபத்தைந்து வயசுப் பையன். போனைப் பார்த்ததும் காலால் ஒரு மணல் வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். எனக்கு வயிறு கலங்கியது.

"சிப்பை மட்டும் கழட்டி வேற போன்ல போட்டு எடுத்துடலாமாப்பா?"

"வராது ஸார். உள்ள இருக்கறது எல்லாம் பூட்டி இருக்கும், சாவி இந்த போர்டுலதான். போர்டு எந்திரிச்சா எல்லாம் கிடைக்கும். இல்லைன்னா அவ்ளோதான்."

சூட்டுத் தட்டில் போனை வைத்தான். கோந்து இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, ஓரமாக ஸ்பிரிட் சொட்டுச் சொட்டாக விட்டு, பிரசவம் பார்க்கிற மாதிரி அந்தத் தொப்பையை வெளியே எடுத்தான். "ஓட்டை விழுந்தா பத்திக்கும் ஸார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க." கையை மேஜையிலிருந்து எடுக்க அப்போதுதான் தோன்றியது.

புது பேட்டரி மாட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. "இருபது நிமிஷம் ஊறட்டும், டீ குடிச்சுட்டு வாங்க." டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

திரும்பி வந்தபோது போன் எழுந்திருந்தது. பில் 1100 ரூபாய். சத்தியமாக அதே நம்பர்தான் ஸார்.

அங்கேயே பென் டிரைவில் ஒரு காப்பி, என் போனில் ஒரு காப்பி. மொத்தம் 41. ராத்திரி சாப்பாடு முடிந்து, அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். பால் கணக்கு. ரேஷனில் பாமாயில். அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், அவர் எதிரே உட்கார்ந்திருப்பது மாதிரி.

இருபத்தி மூன்றாவது. "இன்று ஞாயிற்றுக்கிழமை. பையனுக்கு போன் டியூ ஏழாம் தேதி. கையில் காசு இருக்கிறதா என்று அவனிடம் கேட்க வேண்டும். நேராகக் கேட்டால் கோபப்படுவான்." டக்.

நான் சுவரைப் பார்த்தேன்.

அம்மா போனைப் பார்த்துச் சொன்னாள்: "அதெல்லாம் கட்டி முடிச்சுட்டாங்க."