எட்டில் மூன்று அங்குலம்

ஜிம் கார்பெட்டின் ‘மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவோன்’ (1944) புத்தகத்தை மூன்று தடவை படித்திருக்கிறேன். மூன்றாவது தடவைதான் தாசில்தாரின் துப்பாக்கி கண்ணில் பட்டது. 1907-இல் சம்பாவத் புலியின் எதிரில் கார்பெட் நிற்கும்போது, கையிலிருந்த மூன்று ரைஃபிள் தோட்டாக்களும் தீர்ந்துவிடுகின்றன. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வருகிறார். உயர்த்திப் பிடித்தால் குழலுக்கும் பின்தட்டுக்கும் நடுவே எட்டில் மூன்று அங்குலம் இடைவெளி. சுட்டால் நெருப்பு கண்ணுக்கே திரும்பலாம். ஆனாலும் சுடுகிறார். இருபதடி தூரத்தில் வாயைக் குறிவைத்த குண்டு பாதத்தில் படுகிறது. தலையை அசைத்துவிட்டேனோ, இல்லை துப்பாக்கியின் லட்சணமே அதுதானோ என்று அவரே சந்தேகப்படுகிறார்.

வேட்டை இலக்கியத்தில் இப்படி ஒரு சந்தேகம் அபூர்வம். ஆனால் நான் சொல்ல வந்தது என் பெரிய மாமாவைப் பற்றி.

மாமாவிடம் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்த பன்னிரண்டு போர் ரெட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. பன்றியை விரட்ட இரவில் வெடி போடுவார். போடும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் சிரிப்போம். கல்யாணப் பந்தியில் நான் அதை நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன். மாமாவும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவர் இறந்தபின் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அத்தைக்கு அதைத் தொடவே பயம். எங்கள் கிளையின் காவலாளி பழைய ராணுவக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துப்போனேன். முதலில் மடக்கித் திறந்து, தோட்டா இல்லையென்று விரலை விட்டுப் பார்த்தார். பிறகு முன்கட்டையைக் கழற்றினார். அதன் வில் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடுமாம். மூடி, கட்டையின் கழுத்தைப் பிடித்து லேசாகக் குலுக்கினார். லொட லொட என்றது. ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, “பாருங்க சார்” என்றார். குழலுக்கும் பின்தட்டுக்கும் நடுவே கோடாக வெளிச்சம்.

கீலில் ஒரு பித்தளைத் தகடு செருகியிருந்தது. மாமாவின் கைவேலை. பழைய டார்ச்சிலிருந்து வெட்டியிருக்க வேண்டும். “இது பத்து வெடிக்குத் தாங்கும், அப்புறம் நசுங்கிடும். கீல் ஆணியையே மாத்தணும், லைசென்ஸ் உள்ள பட்டறையில. வீட்டுல செய்யற வேலையில்ல” என்றார். குழலின் உட்புறம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. பழைய தோட்டாக்களின் கேப் எரிந்தால் மிஞ்சுவது ஒருவகை உப்பு. அது எண்ணெய்க்குக் கரையாது, வெந்நீருக்குத்தான் கரையும். எண்ணெயை மட்டும் பூசி வைப்பவன் துருவை மூடிவைக்கிறான் என்றார். மாமா ஒவ்வொரு தடவையும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்த பிறகுதான் எண்ணெய் போடுவாராம். அத்தை சொன்னாள். வாயைக் கீழே பார்க்க வைத்துத்தான் நிறுத்துவாராம், எண்ணெய் இறங்கிக் கட்டை ஊறிவிடும் என்று. தோல் உறையை அவர் வாங்கவே இல்லை. தோல் ஈரத்தை இழுக்கும்.

இத்தனை தெரிந்த மனிதர் கீலை மட்டும் ஏன் விட்டுவைத்தார்? பட்டறைக்குப் பட்டணம் போக வேண்டும், செலவு. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். விமர்சகன் என்று பெயர் வைத்துக்கொண்டு பிறருடைய வரிகளைக் குலுக்கிப் பார்ப்பவன் நான். முன்கட்டையைக் கழற்றாமலே இருபது வருஷம் மாமாவைக் குலுக்கிவிட்டேன்.

“அவர் முகத்தைத் திருப்பலேன்னா நானே பிடுங்கி வச்சிருப்பேன்டா” என்றாள் அத்தை. அவளுக்குத் தெரிந்தேயிருந்திருக்கிறது. நாங்கள் சிரித்தபோதெல்லாம் அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் நம்பரைச் சரிபார்த்து ரசீது கொடுத்தார்கள். பித்தளைத் தகட்டைக் காவலாளி முன்னமே உருவி என்னிடம் தந்திருந்தார். ரசீதில் அது சேரவில்லை.