சேலைக்குள் சுற்றிய முட்டைகள்

பறிமுதல் செய்யப்பட்ட பொருளின் விலை நாற்பது டாலரைத் தாண்டாது. இப்படிப்பட்ட விவகாரங்களை மிச்சிகன் வக்கீல்கள் போனிலேயே முடித்துவிடுவார்கள். போனது போகட்டும், அடுத்த முறை பார்த்துக் கொண்டுபோங்கள் என்பதோடு சரி. 2014 ஈஸ்டருக்குச் சற்று முன்பு வந்த இந்த வழக்கை மட்டும் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. சாக்லேட்டோடு சேர்ந்து ஒரு பெண்ணின் நெக்சஸ் அட்டையும் போயிருந்தது. கட்சிக்காரர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

டெட்ராய்ட் ஆற்றின் இந்தக் கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட், அந்தக் கரையில் கனடாவின் வின்ட்ஸர். இடையே 1929இல் திறந்த அம்பாஸடர் பாலமும் 1930இல் திறந்த சுரங்கப் பாதையும் இருக்கின்றன. வின்ட்ஸரில் குடியிருந்துகொண்டு டெட்ராய்ட் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நர்ஸுகள் ஏராளம். என்னிடம் வந்தவரும் அப்படி ஒருவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கனடா வந்தவர். காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு ஒரு சர்வதேச எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். அதற்காகத்தான் நெக்சஸ். இரு நாட்டு அதிகாரிகளும் பின்னணியைத் துருவி, நேரில் கேள்வி கேட்டு, அன்றைய 50 டாலர் கட்டணத்தில் ஐந்தாண்டுகளுக்குக் கொடுக்கும் அட்டை அது. அட்டைக்காரர்களுக்குத் தனித் தடம். மற்றவர்கள் வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இவர்கள் சில நிமிடங்களில் போய்விடுவார்கள். ஆனால் காரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அட்டை இருந்தாக வேண்டும். ஸ்கார்பரோவில் இருந்த தன் தாயாருக்கும் மகள் ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை இருவரும் மிச்சிகனின் கான்டனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். சாவடியில் அதிகாரி, சாப்பாட்டுச் சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுப் பலகாரம் இருக்கிறது என்று மகள் உண்மையைச் சொன்னார். முறுக்கு, பயத்தம் பணியாரம், சீனி அரியதரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி விளக்கவும் செய்தார். உள்ளே போய் நிறுத்தச் சொன்னார்கள். பையை எக்ஸ்ரேயில் விட்டபோது முட்டை வடிவில் வரிசையாக ஏதோ தெரிந்தது. திறந்து, ஒரு பச்சைப் பட்டுச் சேலையின் மடிப்புகளை விரித்தால், உள்ளே இரண்டு டஜன் கிண்டர் சர்ப்ரைஸ்.

நம் ஊர்க் கடைகளில் கல்லாப்பெட்டி பக்கத்தில் தொங்கும் கிண்டர் ஜாய் வேறு. அதில் ஒரு பாதியில் கிரீம், மறு பாதியில் பொம்மை, இரண்டும் தனித்தனியாக மூடியிருக்கும். இந்தியாவுக்கான ஜாயை கிண்டர் கம்பெனி மகாராஷ்டிரத்தின் பாராமதியிலேயே தயாரிக்கிறது. இது சர்ப்ரைஸ். 1974இல் இத்தாலியில் பிறந்தது. மெல்லிய சாக்லேட் ஓட்டை உடைத்தால் உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் குப்பி, குப்பிக்குள் பொம்மை. கனடாவில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அமெரிக்காவில் விற்கவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது.

தடை 1938ஆம் ஆண்டின் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தில் இருக்கிறது. தின்னத் தகாத பொருள் ஒன்று மிட்டாய்க்குள் முழுதாகவோ பாதியாகவோ புதைந்திருந்தால் அந்த மிட்டாய் கலப்படம் என்கிறது 402ஆம் பிரிவு. குச்சி மிட்டாயின் குச்சிக்கு மட்டும் வழி உண்டு. பிடித்துச் சாப்பிட உதவுகிறது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. முட்டைக்குள் இருக்கும் பொம்மைக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. இதற்கு மேல், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஒரு தனி விதி. ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியதாகக் கருதப்படும்.

இந்தத் தடையைக் கேலி செய்வது எளிது. ஒவ்வோர் ஈஸ்டருக்கும் பத்திரிகைகள் செய்துகொண்டுதான் இருந்தன. நான் சேர்ந்துகொள்வதில்லை. அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வைத்தது 1937இல் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற ஒரு திரவ மருந்து. சல்ஃபா மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியிருந்தார்கள். செத்தவர்களில் பலர் குழந்தைகள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்தில் இருந்ததும் அதே நஞ்சு. அதைத் தயாரித்த ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. குழந்தைகளைப் புதைத்த பிறகு எழுதப்படும் சட்டம் சற்று அகலமாகத்தான் வலை வீசும்.

என் அலுவலகத்துக்கு வந்த அம்மாவிடம் இந்த வரலாறு எடுபடவில்லை.

"தம்பி, உதுக்குள்ள என்ன வெடிகுண்டே இருக்கு? கனடாவில பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் திண்டுகொண்டுதானே திரியுதுகள்? நான் காசு குடுத்து வாங்கினது. எனக்கு என்ர சாமான் திரும்ப வேணும்."

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றார் மகள். அவருடைய பயம் வேறு. 2012இல் வான்கூவரிலிருந்து திரும்பிய இரண்டு சியாட்டில்காரர்களிடம், ஒரு முட்டைக்கு 2,500 டாலர் வரை அபராதம் வரலாம் என்று எல்லையில் சொன்னதாக வந்த செய்தியை அவர் படித்திருந்தார். இருபத்து நாலால் பெருக்கியும் வைத்திருந்தார். அறுபதாயிரம். அந்த இருவரையும் கடைசியில் அபராதம் இல்லாமலே அனுப்பிவிட்டார்கள் என்பதையும், தெரிவிக்காமல் கொண்டுவந்த சாதாரணப் பொருளுக்குச் சுங்கச் சட்டம் சொல்லும் அபராதம் அந்தப் பொருளின் மதிப்பளவுதான் என்பதையும் சொன்ன பிறகே அவர் தண்ணீர் குடித்தார். பிறகுதான் பையிலிருந்து இரண்டு காகிதங்கள் வெளியே வந்தன. ஒன்று பறிமுதல் அறிவிப்பு. மற்றது, இருவரின் நெக்சஸ் உறுப்பினர் உரிமையும் ரத்து என்ற கடிதம்.

"அண்ணா, காட் இல்லாட்டி எனக்கு ஒவ்வொரு நாளும் கரைச்சல். பொது லைன்ல நிண்டா ஷிஃப்டுக்கு எப்ப போய்ச் சேருவன் எண்டே தெரியாது."

பறிமுதல் அறிவிப்போடு ஒரு படிவம் வரும். எந்த வழியில் போகப்போகிறீர்கள் என்று குறியிட்டு அனுப்ப வேண்டும். முப்பது நாளுக்குள் துறைக்கே மனுப் போடலாம். ஒரு தொகை கொடுத்துச் சமரசம் கேட்கலாம். பொருளைக் கைவிடலாம். நீதிமன்றத்துக்கும் போகலாம், ஆனால் அதற்கு ஈட்டுப் பத்திரம் கட்ட வேண்டும். பொருளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. எவ்வளவு சின்னப் பொருளானாலும் 250 டாலருக்குக் குறையாது. நாற்பது டாலர் சாக்லேட்டுக்காக 250 டாலர் கட்டி, ஃபெடரல் நீதிபதி முன்னால் நின்று, 402ஆம் பிரிவோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அங்கேயும் ஒரு கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. அரசு சொத்துகளைப் பறிமுதல் செய்யும் முறையை அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் சீர்திருத்தியது. தன் சொத்து சட்டவிரோதமாகப் பயன்பட்டது தெரியாத உரிமையாளருக்கு அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. அதே சட்டம் சில சட்டங்களை விலக்கியும் வைத்திருக்கிறது. சுங்கச் சட்டத் தொகுப்பு விலக்கு, உணவு மருந்துச் சட்டமும் விலக்கு. போதைப் பொருள் வழக்கில் வீட்டை இழப்பவர் "எனக்குத் தெரியாது" என்று வாதாடலாம். சாக்லேட் முட்டையை இழப்பவருக்கு அந்த வாதம் கிடையாது. இந்தச் சீர்திருத்தத்தை மிகவும் மெச்சிப் பேசும் நண்பர்களிடம் இதைச் சொல்வேன். நம்ப மாட்டார்கள்.

ஆகவே முட்டைகளைக் கைவிடச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வழக்குப் போட வந்த இடத்தில் முதல் வேலையாகத் தோற்கச் சொல்கிறானே என்ற கோபம். நியாயம்தான். ஆனால் என் பார்வையில் இங்கே இரண்டு விவகாரங்கள் இருந்தன. ஒன்று பொருள், மற்றது பொருளைப் பற்றிச் சொன்னதும் சொல்லாததும். பொருளில் நமக்கு வழக்கே இல்லை. முட்டை ஆபத்தற்றது என்று ஒரு பக்கம் எழுதினால், தடையை மதிக்காத குடும்பம் என்ற எண்ணத்தைத்தான் நாமே கொடுப்போம். சொன்னதில்தான் நமக்கு இடம் இருந்தது. நெக்சஸ் என்பது முழுக்க முழுக்க நம்பிக்கை மீது நிற்கும் திட்டம். ஒரு சின்ன விதிமீறல் போதும், அட்டை போய்விடும். பொருளின் விலையை யாரும் பார்ப்பதில்லை. அது மிகக் கடுமையான ஏற்பாடு என்பது என் கருத்து. பத்தாண்டுகள் ஒழுங்காக வந்துபோனவரையும் முதல் தடவையே ஏமாற்றுபவரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது.

எங்களுக்கு இருந்த பெரிய சங்கடம் அந்தப் பச்சைச் சேலை. பலகாரங்கள் மேலே வெளிப்படையாக இருக்க, முட்டைகள் மட்டும் சேலை மடிப்புக்குள். மறைத்துக் கொண்டுவந்ததாக அதிகாரி எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மேசையில் நானே நின்றிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

"ஏம்மா, சேலைக்குள்ள ஏன் வச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நான் ஒளிக்கேல்லத் தம்பி. உது சும்மா மெல்லிய ஓடு, தட்டுப்பட்டா நொறுங்கிப் போகும். உடையிற சாமான் எண்டா நாங்கள் சீலைக்குள்ளதானே சுத்துறனாங்கள்? ஊறுகாய்ப் போத்தலும் அப்பிடித்தான் கொண்டு வந்தனான். முருகன் படமும் அப்பிடித்தான்."

அதுதான் எங்கள் வழக்கு. எக்ஸ்ரேயில் சந்தேகம் தந்த சேலையை மட்டுமே அதிகாரிகள் விரித்திருந்தார்கள். கான்டனில் மருமகள், பாட்டி பை திறக்கும் கொண்டாட்டத்தைப் பிள்ளைகளுக்காக போனில் படம் பிடித்திருந்தார். அதில் ஒரு நூல் சேலையைப் பிரிக்கப் பிரிக்க எலுமிச்சை ஊறுகாய் போத்தல் வெளியே வருகிறது. துவாயிலிருந்து நல்லூர் முருகன் படம் வருகிறது. பறிமுதலுக்குப் பிறகு எடுத்த வீடியோ என்பதால் அதன் பலம் குறைவுதான். ஆனால் போத்தலுக்குள் யாரும் எதையும் ஒளிக்கவில்லை, ஊறுகாய்க்குத் தடையும் இல்லை. மேலும் அதே பையின் பக்க அறையில் முட்டை வாங்கிய ஸ்கார்பரோ கடையின் பில் கிடந்தது. கடத்துகிறவர் பில்லைக் கூடவே கொண்டு வருவதில்லை.

அம்மாவிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினேன். பையைத் தானே அடுக்கியது, மகளுக்கு உள்ளே இருப்பது தெரியாது, தடை பற்றித் தனக்கும் தெரியாது, சேலையில் சுற்றியது உடையாமல் இருக்கவே. மூன்றாவதை எழுதும்போது, தடை தப்பு என்றும் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை. மகளுக்காகத் தனியே ஒரு கடிதம் எழுதினேன். உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர் உண்மையான பதில் சொன்னார் என்பதை முதல் பத்தியிலேயே வைத்தேன். இரண்டையும் நெக்சஸ் மேல்முறையீடுகளைப் பார்க்கும் குறைகேள் அதிகாரிக்கு அனுப்பினேன். அவருடைய அலுவலகம் அப்போது வெர்மான்ட் மாநிலத்தில் இருந்தது. வாய்தா இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, எதிர்த்தரப்பு முகமும் இல்லை. கடிதம் போடுவதும் காத்திருப்பதும்தான்.

கோடை தொடங்கிய பிறகு பதில் வந்தது. மகளுடைய அட்டை திரும்பக் கிடைத்தது. தாயாருடைய ரத்து நிலைத்தது. பை அவருடையது, பொருள் தடைசெய்யப்பட்டது, தெரிவிக்கப்படவில்லை. சுற்றிய நோக்கம் எதுவானாலும் இந்த மூன்றும் மாறாது என்பதே சாரம். விதிப்படி அது சரி. மேலே போக வழி தேடலாமா என்று கேட்டேன்.

"எனக்கு என்னத்துக்குத் தம்பி உது? நான் என்ன ஒவ்வொரு நாளும் வேலைக்கே போறன்?" என்றார். பிறகு வேறொரு சந்தேகம் கேட்டார். "அப்ப, தபால்ல அனுப்பினா?"

"தபாலையும் பிரிச்சுப் பார்ப்பாங்கம்மா. அங்கயும் பறிமுதல்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பேரப்பிள்ளையளை வின்ட்ஸருக்குக் கூட்டிக்கொண்டு வந்து திண்ண வைக்கிறன். அதுக்கும் சட்டம் இருக்கே?"

இல்லை என்றேன். அந்தத் தடை மிட்டாய் எல்லை தாண்டுவதற்குத்தான், பிள்ளைகள் தாண்டுவதற்கு இல்லை. கிண்டர் ஜாய் அமெரிக்கக் கடைகளுக்கு வர 2017 இறுதிவரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அம்மா பொறுக்கவில்லை. ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை அவருடைய மகன் காரிலிருந்து எனக்கு போன் செய்தார். வின்ட்ஸரிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள், பொது வரிசையில், முன்னால் பெரிய கூட்டம். பிள்ளைகள் சாக்லேட்டைத் தின்று முடித்துவிட்டார்கள். பொம்மைகள் மட்டும் கையில் இருக்கின்றன. இதைச் சாவடியில் சொல்ல வேண்டுமா?

சாக்லேட் இல்லாத பொம்மை மிட்டாய் ஆகாது, ஆனாலும் கேட்டால் சொல்லிவிடுங்கள் என்றேன். அதிகாரி கேட்பதற்கு முன்பே சின்னவள் ஜன்னல் வழியாகத் தன் பிளாஸ்டிக் நீர்யானையை நீட்டிக் காட்டிவிட்டாளாம்.